சேலைச் சுவர்

ஒரு சேலையில் ஐந்தாறு மூட்டை தேறும். முழம் போட்டு அளந்து, ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு விட்டு, இரண்டு கையாலும் இழுத்தால் நேராகக் கிழியும். கிழித்த துண்டை மடித்து இரண்டு பக்கமும் தைக்க வேண்டும். தையல் அழகாக இருக்க வேண்டியதில்லை; நூல் இரட்டையாக இருந்தால் போதும். மணலை முக்கால் அளவுதான் போட வேண்டும். முழுக்க நிரப்பினால் மூட்டை உருண்டுவிடும், உருண்ட மூட்டைகளுக்கு நடுவே சந்து விழும். முக்கால் நிரப்பிய மூட்டை, வயிறு நிறைந்த பூனை மாதிரி போட்ட இடத்தில் தளர்ந்து படுத்து எல்லாச் சந்துகளையும் அடைத்துக்கொள்ளும்.

இதைக் கற்றுக்கொண்டபோது எனக்குப் பத்து வயது. இலங்கையில், வன்னியில், சண்டை எங்கள் ஊர்வரை வந்துவிட்ட வருடம். எந்தக் கடையிலும் சாக்கு இல்லை. பதுங்குகுழிக்கு மண்மூட்டை வேண்டும், அதனால் பெண்கள் சேலைகளைக் கிழிக்கத் தொடங்கினார்கள். அம்மா முதலில் வீட்டில் கட்டுகிறவற்றைக் கிழித்தார், பிறகு கோயிலுக்குக் கட்டுகிறவற்றை. கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச் சேலை வெளியே வந்தது. அம்மா அழப்போகிறார் என்று நானும் தம்பியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சரிகைக் கரையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத் தாங்கும்" என்று சொல்லி ஓரத்தைக் கடித்தார்.

பதுங்குகுழியை நாங்கள் பங்கர் என்றுதான் சொல்வோம். அப்பா வெட்டுவார், அம்மா அடுக்குவார், நானும் தம்பியும் மணல் அள்ளுவோம். மேலே பனைமரத்தைத் துண்டாக்கிய குற்றிகளைப் பரப்பி அதன்மேலும் மூட்டை. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ திருவிழாக் கடை போட்டுவிட்டுப் பாதியில் போனது போல் சிவப்பும் பச்சையும் பூப்போட்ட ஊதாவுமாக இருக்கும். தம்பிக்கு அதில் பெருமை. பக்கத்து வீட்டுப் பங்கர் ஒரே காக்கி நிறம் என்று அவர்களை இளக்காரமாகப் பேசி அம்மாவிடம் குட்டு வாங்கினான்.

பங்கரில் முக்கியமானது வாசல். அது நேராக இருக்கக் கூடாது. இறங்கி, ஒரு வளைவு திரும்பித்தான் உள்ளே போக வேண்டும். வெளியே ஷெல் விழுந்தால் சிதறுகிற இரும்புத் துண்டுகள் நேர்கோட்டில் பறக்கும். வளைவு இருந்தால் அவை எதிர்ச் சுவரோடு நின்றுவிடும். இரண்டாவது விதி, வாசலை ஒருபோதும் அடைக்கக் கூடாது. மேலே குற்றி சரிந்தால் வெளியேற வழி வேண்டும். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு வீட்டார் நேரமில்லாமல் வாசலை நேராக வெட்டிவிட்டார்கள். அவர்களைப் பற்றி அம்மா இன்றுவரை பேசுவதில்லை.

உள்ளே நாங்கள் சும்மா இருக்கவில்லை. கொக்கான் ஆடினோம். புதுச்சேரியில் இதை அஞ்சாங்கல் என்கிறார்கள். கூரை தாழ்வு என்பதால் கல்லை ஒரு சாணுக்கு மேல் எறிய முடியாது. அது கீழே வருவதற்குள் மற்றக் கற்களை அள்ளிவிட வேண்டும். அப்படிப் பழகிய கை மின்னலாகிவிட்டது. பின்னாளில் கடல் கடந்து இங்கே வந்து பள்ளியில் சேர்ந்து, என் பேச்சைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகளோடு முதன்முறையாக மரத்தடியில் ஆடியபோது, அவர்கள் தலைக்கு மேலே கல்லை எறிந்து ஆடுவதைப் பார்த்து எனக்கு வியப்பு. இவ்வளவு நேரம் கிடைத்தால் யார்தான் தோற்பார்கள்? அன்று நான் எல்லோரையும் ஜெயித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் வீட்டு வளவிலேயே ஷெல் விழுந்தது. காது அடைத்துப் போயிற்று. வாய் முழுக்க மண். தூசி அடங்கியபின் அம்மா எங்கள் ஒவ்வொருவரின் தலையையும் கையையும் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே வந்தோம். முன்வரிசை மூட்டைகள் கிழிந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது. உள்வரிசையில் ஒரு மூட்டைகூட அசையவில்லை. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். அந்த நிற்பை நான் மறக்கவில்லை. ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்த பெண்பிள்ளை போல் நின்றார். பிறகு தேங்காய் திருவி ரொட்டி சுட்டார்.

ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தப் பங்கரை விட்டுப் போனோம். புறப்படு என்பதற்கு எங்கள் ஊரில் வெளிக்கிடு என்போம். "வெளிக்கிடுங்கோ" என்று அம்மா சொன்னால் அத்தோடு முடிந்தது. போன இடத்தில் மறுபடி வெட்டினோம், தைத்தோம், அடுக்கினோம். முன்பு கட்டியதைவிட நன்றாகவே கட்டினோம். அதையும் விட்டுப் போனோம். பெரியவர்களுக்கு உயிர் தப்பியது போதுமாயிருந்தது. எனக்கு மட்டும் ஒரு பிள்ளைத்தனமான கோபம் நெஞ்சில் தங்கிவிட்டது. இவ்வளவு நல்ல சுவரைக் கட்டிவிட்டு அதன் பின்னால் கடைசிவரை இருக்க ஒருமுறைகூட முடியவில்லையே என்ற கோபம். அம்மா சொன்னபடி வெளிக்கிட்டதால்தான் நாங்கள் நால்வரும் இன்று உயிரோடு இருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

அந்தக் கோபத்துக்குப் புதுச்சேரி நெல்லித்தோப்பில், நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், ஒரு வேலை வந்தது.

அம்மாவும் அப்பாவும் தம்பியும் இப்போது திருச்சியில் இருக்கிறார்கள். நான் லாஸ்பேட்டையில் கல்லூரி படித்தேன், உடன் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன், மூன்று வயதில் எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். வீடு என் மாமனார் மில் வேலை பார்த்த காலத்தில் கட்டியது. அவர் இப்போது இல்லை. இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால் வழி கிடையாது, வாசல் ஒன்றுதான். இடமில்லாததால் மாடிப்படியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தார். தெரு பள்ளம். பெருமழை பெய்தால் ஊர்த் தண்ணீர் எங்களைத் தேடி வரும்.

முந்தைய வெள்ளத்தின்போது நாங்கள் லாஸ்பேட்டையில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். அது மேடு. திரும்பி வந்தபோது கட்டில் ஊறி உப்பியிருந்தது, பிரிட்ஜ் சாய்ந்து கிடந்தது, சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. என் மகள் தன் பொம்மைகளைச் சேற்றிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினாள். வாரக்கணக்கில் கழுவினோம். வாடை போகவே இல்லை.

நான் எதற்கும் பயப்படுகிறவள். காய்ச்சல் இல்லாத பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சான்றிதழ்களும் மாற்றுத்துணியும் போட்ட ஒரு பை எப்போதும் கதவோரம் இருக்கும். அத்தை, என் மாமியார், அதைப் பார்க்கும்போதெல்லாம் இது என்ன வீடா பஸ் ஸ்டாண்டா என்று கேட்பார். இந்த மழைக்காலத்தில் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னதும், அந்தப் பையோடு முதலில் கிளம்பப்போவது நான்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

புயலன்று காலையில் என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். மின்துறையில் இருப்பவருக்குப் புயலென்றால் லீவு கிடையாது. பத்து மணிவாக்கில் நாத்தனார் போன் செய்து, ரோடு மூழ்குவதற்குள் ஆட்டோ பிடித்து வரச் சொன்னார். நியாயமான யோசனைதான். நான் பையை எடுத்தேன். மகளுக்குச் செருப்பு மாட்டினேன். கதவைப் பூட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கறுப்புக் கோட்டின்மேல் நாங்களே பூசிய பெயின்ட் தெரிந்தது. எதிர்வீட்டில் மாடி கட்டக் கொட்டியிருந்த மணல் மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, நாம போக வேணாம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா சொல்ற?"

மணலும் சேலையும் இருந்தால் தண்ணீரை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்றேன். சொல்லும்போதே, ஒரு சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எடுப்பது வீரமா மடத்தனமா என்று உள்ளே கேள்வி ஓடியது. அத்தை எழுந்து உள்ளே போனார். பீரோவைத் திறந்தார். மில் ஓடிய காலத்தில் மாமனார் கொண்டுவந்த துணிகளை எல்லாம் தொட்டுப் பழகிய கை அது. பருத்தி ஊறிப்போய்விடும் என்று அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, நைலக்ஸ் புடவைகளாகப் பொறுக்கி என் மடியில் போட்டார். ஒன்றிரண்டு தீபாவளிக்கு எடுத்து இன்னும் கட்டாதவை.

"கிழிக்கத் தெரிஞ்சவதான கேக்கற, கிழி" என்றார்.

எதிர்வீட்டுக்காரருக்குப் போன் செய்து மணல் கேட்டேன். கரைந்து சாக்கடைக்குப் போவதற்கு நீங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்து வீட்டு அக்கா தினமும் தேங்காய்த்திட்டுத் துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்கிறவர். புயலால் படகு போகவில்லை, அவரும் வீட்டில்தான் இருந்தார். விஷயம் கேட்டதும் மணல் சுமக்க மீன் கூடையோடு வந்து இறங்கினார். உன் வீட்டுக்குக் கட்டி முடித்தால் அடுத்து என் வீட்டுக்கு என்று பேச்சு.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து தைத்தார். நான் நிரப்பினேன். அக்கா சுமந்தார். அக்கா நிரப்பிய முதல் மூட்டை கழுத்துவரை முட்டிக்கொண்டு நின்றது. நான் அவிழ்த்து மணலைக் கொட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முக்கால்தான் என்றேன். அடுக்கி, ஏறி மிதித்துக் காட்டினேன். மூட்டை படிந்து உட்கார்ந்ததைப் பார்த்தபின் வாதம் நின்றது. மகளுக்கு ஒரே குஷி. ஆயா புடவை, ஆயா புடவை என்று ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சுவரின் வெளிப்பக்கம் போர்த்த மாடியில் கிடந்த ஒரு பேனரை அத்தை கொண்டுவரச் சொன்னார். யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து. கைகூப்பிச் சிரிக்கும் முகம் தெருவைப் பார்க்கும்படி விரித்து, அடியில் மூட்டை வைத்து இறுக்கினோம்.

"ஓட்டு கேக்க வந்தப்ப இந்தத் தெருவுல தண்ணியே நிக்காதுன்னாரு" என்றார் அத்தை. "இப்ப அவுரே நின்னு பாக்கட்டும்."

குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகத்தான் முந்தைய முறை முதலில் வந்தது என்பதையும் அவர்தான் நினைவுபடுத்தினார். அதன்மேல் பிளாஸ்டிக்கை மடித்து வைத்து மூன்று மூட்டை ஏற்றினோம். மத்தியானத்துக்குள் வாசல் படிக்கட்டைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுந்துவிட்டது. நான் எட்டப் போய் நின்று பார்த்தேன். வரிசை மாற்றிய செங்கல் கட்டு மாதிரி ஒவ்வொரு மூட்டையும் கீழே உள்ள இரண்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அக்கா சுவரின் இடப்பக்க மூலையைக் காட்டினார். அங்கே ஓர் ஆள் நுழைகிற அளவு வழி இருந்தது. அதற்கு முன்னால் இன்னொரு குட்டிச் சுவர் வளைந்து நின்றது.

"இன்னாடி இது, கோயில் பிராகாரமாட்டம் சுத்தி வுட்டுக்கிற? தண்ணிக்குத் திரும்பத் தெரியாதா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. வாசல் என்றால் வளைவு விட வேண்டும், அடைக்கக் கூடாது. யோசிக்காமலே கை அப்படிக் கட்டியிருந்தது. ஷெல்லுக்குக் கட்டுகிற வாசலை நான் மழைக்குக் கட்டி வைத்திருந்தேன். அக்காவுக்கு விளக்கியபோது முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சீக்கிரம் அடைத்துவிடு என்று மட்டும் சொல்லித் தன் வீட்டுக்கு மூட்டை தைக்கப் போனார்.

அடைக்க என்னால் முடியவில்லை. மூட்டைகள் தயாராக இருந்தன. குனிந்து ஒன்றைத் தூக்குவேன், அந்த இடத்தருகே போனதும் கீழே வைத்துவிடுவேன். உள்ளே பிள்ளை இருக்கிறாள். இருக்கிற ஒரே வாசலை நானே அடைத்துவிட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? இன்னும் தண்ணீர் வரவில்லையே, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நேரத்தைக் கடத்தினேன். நாத்தனாருக்குப் போன் செய்து ஆட்டோ அனுப்பச் சொல்லலாமா என்றுகூடப் போனைக் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் அது ஒலித்தது. திருச்சியிலிருந்து அம்மா. டிவியில் புதுச்சேரியைக் காட்டுகிறார்களாம்.

"ரோட்டு மூடமுன்னம் வெளிக்கிடு பிள்ளை. சாமானைப் பாக்காதை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடு."

அந்தச் சொல்லை இத்தனை வருடத்துக்குப் பிறகு அதே குரலில் கேட்டேன். என் கால்கள் அதற்குக் கீழ்ப்படியத் தயாராகிவிட்டன. அம்மா சொல்லி நான் மீறியது கிடையாது.

"இல்லையம்மா" என்றேன். "நான் இந்த முறை இருக்கப்போறன். மூட்டை கட்டியிருக்கு."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எவ்வளவுக்கு நிரப்பினனீ?"

"முக்கால்."

"அப்ப சரி" என்றார் அம்மா. "பிள்ளையைப் பாத்துக்கொள்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தெரு முனையில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அலையாக வரவில்லை, ஒரு பழுப்புத் துணியை யாரோ இழுத்துக்கொண்டு வருவது போல், இலைகளும் பிளாஸ்டிக் கவர்களுமாக, அவசரமில்லாமல் வந்தது. அரை மணி நேரத்தில் கீழ்ப்படியை மூடிவிட்டது. குட்டிச் சுவரை மோதி, ஒரு கணம் தயங்கி, வளைவு திரும்பி, நான் விட்டு வைத்த வழியாக மேல்படியில் ஏறத் தொடங்கியது. அக்கா சொன்னது சரி. அதற்குத் திரும்பத் தெரிந்திருந்தது.

நான் மூட்டையைத் தூக்கினேன். அந்த வழியருகே போய் நின்றுவிட்டேன். அத்தை கதவருகே வந்து நின்றார். அவருக்கு என் பயம் எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை; நான் பங்கர்க் கதையை அவரிடம் முழுதாகச் சொன்னதே இல்லை.

"உள்ள வந்தா மேல போவப் போறோம்" என்றார். "மாடி எதுக்கு இருக்குது? உங்க மாமா படிய உள்ளதான கட்டிக்கினாரு. அடை."

மேலே. அந்தத் திசை எனக்குத் தோன்றவே இல்லை. நான் வளர்ந்த காலத்தில் ஆபத்து மேலிருந்து வரும், ஒளிவது கீழே. மேலே போய்த் தப்பிக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன். என் மகள் அதில் பாதி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன செய்கிறேன் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வழி இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் துணி காயப்போட ஏறியிறங்கிய வழி.

முதல் மூட்டையைப் போட்டேன். அதன்பிறகு நிற்கவில்லை. பேனரின் மிச்சத்தை வளைத்து இழுத்து, மூட்டைமேல் மூட்டை வைத்து, ஏறி மிதித்து, கடைசி வரிசையைச் சுவரின் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். உள்ளே தேங்கிய கொஞ்சம் தண்ணீரை அத்தை முறத்தால் வாரி வாரி வெளியே ஊற்றினார். மூட்டைகளுக்கு அடியில் ஓரிடத்தில் நூல்போலக் கசிந்தது; அங்கே கிழித்த துண்டுகளைச் செருகினேன். நின்றுவிட்டது.

அன்று மழை நிற்கவே இல்லை. கரண்ட் இல்லை. நான் தூங்கவும் இல்லை. வெளியே தண்ணீர் சுவரின் பாதிக்கு ஏறியதைக் கை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தவறு செய்துவிட்டோமோ என்று எத்தனை முறை நினைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கீழே குனிந்து தரையைத் தொட்டேன். காய்ந்திருந்தது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கதவைத் திறந்தேன். தெரு முழுக்கப் பழுப்புத் தண்ணீர், மிதக்கும் செருப்புகள், ஒரு நாற்காலி. நைலக்ஸ் பூக்கள் எல்லாம் ஊறிப் பளபளவென்று இருந்தன. ஒரு மூட்டைகூட அசையவில்லை. பக்கத்தில் அக்கா தன் சுவருக்குப் பின்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டே, "நம்ம தெருவுல ரெண்டு வீடுதான் வீடாட்டம் இருக்குது" என்றார். எதிர்ப்பக்கத்து மாடிகளில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ஏழு மணிக்குமேல் என் கணவர் முழங்காலுக்கு மேலான தண்ணீரில் மெதுவாக நடந்து வந்தார். நாங்கள் லாஸ்பேட்டைக்குப் போயிருப்போம் என்று நினைத்து, வீடு என்ன கதியாயிற்று என்று பார்க்க வந்திருக்கிறார். வாசலில் சுவரையும் அதன் பின்னால் தன் அம்மாவையும் மகளையும் என்னையும் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்து பார்த்தார்.

"எந்தப் பக்கமா வர்றது?"

"வழியே வைக்கல" என்றார் அத்தை. "ஏறித் தாண்டு."

அவர் பேனர் முகத்தின்மேல் கையை ஊன்றி ஏறினார். சுவர் அவர் எடையையும் தாங்கியது. ஒரு காலை உள்ளே போடப் போனவரின் முன்னால், பீரோவில் மிச்சமிருந்த பருத்திப் புடவைத் துண்டு ஒன்றை நீட்டினேன்.

"காலைத் துடைச்சிட்டு இறங்குங்க" என்றேன். "வீடு காஞ்சிருக்கு."